சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்: நீங்களே கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை–சிங்கப்பூர் தூரம் என்று தேடிப் பார்த்தால் ஒரு பக்கம் 2,900 கி.மீ. என்கிறது, இன்னொன்று 2,930 என்கிறது. பறக்கும் நேரமும் அப்படித்தான், மூணே முக்கால் மணி நேரம் என்று ஒருவர், நாலரை மணி நேரம் என்று இன்னொருவர், டிக்கெட்டைப் பார்த்தால் இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 6.05-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும், விரல் விட்டு எண்ணினால் ஏழு மணி நேரம் வரும். இதில் எதுவுமே பொய்யில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தூரத்தை, ஒவ்வொரு நேரத்தைச் சொல்கிறார்கள், எது எது என்று பிரித்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான். பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்த இரண்டு ஊருக்கும் நீங்களே ஒரு பேப்பரில் கால் மணி நேரத்துக்குள் கணக்குப் போட்டுவிடலாம், டிக்கெட் போடும் தளம் சொல்வது நியாயமா என்றும் தெரியும்.

பெரும்பாலும் சென்னை–சிங்கப்பூரை வைத்தே சொல்கிறேன். அந்த வழியில் வராத சிக்கல்களுக்கு மட்டும் யாழ்ப்பாணத்தையும் லண்டனையும் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: எங்கிருந்து எங்கே என்று முடிவு செய்யுங்கள்

ஊருக்கும் ஊருக்கும் தூரம் என்பதே கொஞ்சம் மழுப்பலான பேச்சு. சென்னை என்றால் சென்ட்ரலா, மீனம்பாக்கமா? விமான தூரம் எப்போதும் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குத்தான். சென்னைக்கு எம்.ஏ.ஏ., சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்.ஐ.என். என்று மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது, தூரம் கணக்கிடும் தளங்களில் ஊர்ப் பெயரை அடிக்காமல் இந்தக் குறியீட்டையே அடியுங்கள். ஏன் என்றால் சேலம் என்று அடித்தால் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துச் சேலத்தைக் காட்டும் தளங்கள் உண்டு, ஹைதராபாத் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் இருக்கிறது, லண்டன் கனடாவிலும் இருக்கிறது.

லண்டன் போன்ற ஊரில் இன்னொரு தொல்லை, ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று ஏகப்பட்ட நிலையங்கள். சிங்கப்பூரில் அந்தக் கவலை இல்லை, நம் ஊரிலிருந்து போகும் விமானம் சாங்கியில்தான் இறங்கும்.

இரண்டாம் படி: தூரத்தைப் பேப்பரில் போடுங்கள்

தேவையானது இரண்டு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும். கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும், முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை.

எளிதான கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். மீனம்பாக்கம் வடக்கே 12.99 பாகை, கிழக்கே 80.17 பாகை. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் வடக்கே 9.79, கிழக்கே 80.07. தீர்க்கரேகை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதாவது யாழ்ப்பாணம் சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது. (மேப்பில் இலங்கையை எப்போதும் வலப்பக்கம் தள்ளியே பார்த்துப் பழகியதால் பலருக்கு இது நம்ப முடியாது.) அப்படியானால் அட்சரேகையைக் கழித்தால் போதும்: 12.99-லிருந்து 9.79 போனால் 3.2 பாகை. ஒரு பாகைக்குச் சுமார் 111 கி.மீ. பெருக்கினால் 355. சென்னை–யாழ்ப்பாணம் வான்வழி 355 கி.மீ., கணக்கு முடிந்தது.

சிங்கப்பூர் தெற்கேயும் இருக்கிறது, கிழக்கேயும் இருக்கிறது. சாங்கி வடக்கே 1.36, கிழக்கே 103.99. வடக்கு–தெற்கு வித்தியாசம் 11.6 பாகை, 111-ஆல் பெருக்கினால் 1,288 கி.மீ. கிழக்கு–மேற்கு வித்தியாசம் 23.8 பாகை. இங்கேதான் ஒரு திருத்தம் வேண்டும், தீர்க்கரேகைக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கும் என்பதால் ஒரு பாகையின் அகலம் எல்லா இடத்திலும் 111 இருக்காது. இரண்டு ஊருக்கும் நடு அட்சரேகையை எடுத்து (இங்கே ஏறக்குறைய 7 பாகை) அதன் கோசைனால் பெருக்க வேண்டும், போன் கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் கோசைன் பொத்தான் வரும், பாகையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 7 பாகையின் கோசைன் 0.99. ஆக 23.8 × 111 × 0.99 = 2,615 கி.மீ.

இப்போது பத்தாம் வகுப்பில் படித்த பித்தாகரஸ். 1,288-இன் வர்க்கமும் 2,615-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,915 கி.மீ. பூமியின் வளைவையும் சேர்த்து முறையாகக் கோளக் கணக்கு போட்டால் 2,920-ஐ ஒட்டி வருகிறது. ஐந்து கிலோமீட்டர் பிசகு. மீனம்பாக்கத்திலிருந்து கிண்டி போகும் தூரம்கூட இல்லை, விட்டுவிடலாம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு திருச்சிக்கும் போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். திருச்சி சென்னைக்குத் தெற்கே இருக்கிறது, சிங்கப்பூரும் தெற்கே இருக்கிறது, அதனால் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் கிட்டே என்று தோன்றும். உண்மையில் சுமார் 2,980 கி.மீ., சென்னையைவிட 60 கி.மீ. அதிகம். திருச்சி தெற்கே இருப்பதால் கிடைக்கும் லாபத்தை, அது சென்னையைவிட ஒன்றரைப் பாகை மேற்கே இருப்பது தின்றுவிடுகிறது. மதுரை 3,010-ஐத் தாண்டும், கோவை 3,160.

இந்தப் பித்தாகரஸ் வித்தை பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும்தான் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யும். சென்னை–லண்டனுக்கு இதே கணக்கைப் போட்டால் 8,690 கி.மீ. போல வரும், உண்மையான தூரம் 8,230. பூமி உருண்டை, அதில் குறுக்குவழி வட்டமாகத்தான் போகும், தட்டையான மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது நீளமான பாதை. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனாலோ, இரண்டில் ஒரு ஊர் நன்றாக வடக்கே இருந்தாலோ பேப்பரை விட்டுவிட்டு பெருவட்டத் தூரம் கணக்கிடும் தளத்துக்குப் போங்கள், கிரேட் சர்க்கிள் மேப்பர் என்று ஒன்று பல காலமாக இருக்கிறது, குறியீடு இரண்டை நடுவில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் பாதையையும் வரைந்து காட்டும்.

விமானிகளும் பயணத் திரைகளும் சில சமயம் கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. 2,920 கி.மீ. என்பது 1,577 கடல் மைல். சாதாரண மைல் 1.609 கி.மீ., அது வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு பதினைந்து சதவீதம் எகிறிவிடும்.

மூன்றாம் படி: விமானம் உண்மையில் போகும் தூரம்

அந்த 2,920 ஒரு நூல் பிடித்த தூரம். சென்னையிலிருந்து அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனால் வங்காள விரிகுடாவைக் கடந்து, நடுவழியில் நிக்கோபார் தீவுகளைத் தொட்டு, சுமத்ராவின் வடமுனைக்குப் பக்கமாக மலாக்கா நீரிணை மேல் வந்து, மலேசியாவின் ஓரமாகச் சிங்கப்பூருக்குள் இறங்கலாம். நிஜ விமானமும் ஏறத்தாழ இதையே செய்கிறது, நடுவில் குறுக்கே நிற்க நாடுகள் குறைவு, பெரும்பகுதி கடல், அதனால் சுற்று அதிகமில்லை.

ஆனாலும் கொஞ்சம் கூடும். சென்னையின் பிரதான ஓடுபாதை கிழக்கு–மேற்காகப் போகிறது. காற்று கிழக்கிலிருந்து வீசினால் கடலைப் பார்த்து ஏறி அப்படியே சிங்கப்பூர் பக்கம் போகலாம், தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று பலமாக இருக்கும்போது மேற்கே பார்த்து ஏறி, பிறகு திரும்பி வர வேண்டும். சாங்கியின் ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்கு–தெற்கு, கிழக்கே போகும் விமானம் கடைசியில் ஒரு திருப்பம் திரும்பி வரிசையில் நிற்க வேண்டும். வழியில் இடிமேகம் இருந்தால் ஒதுங்கிப் போக வேண்டும், வங்காள விரிகுடாவில் அதற்குப் பஞ்சமே இல்லை. இதையெல்லாம் சேர்த்து நூல் தூரத்தில் 5 சதவீதம் கூட்டிக்கொள்வேன். சிங்கப்பூருக்கு 3,070 கி.மீ. வரும்.

லண்டனுக்கு 5 சதவீதம் போதாது. சென்னை–லண்டன் நூல் சிந்து, பலுசிஸ்தான் மேலே போய், காஸ்பியன் கடலைக் கடந்து, உக்ரைன் வழியாகப் போகிறது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24-லிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடல். பாகிஸ்தான் 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது, 2019-லும் பாலாகோட் வான்தாக்குதலுக்குப் பிறகு சில மாதம் மூடி வைத்திருந்தது. இப்படிப்பட்ட வழியில் பூகோளம் பாதி தூரத்தையும் அரசியல் மீதியையும் தீர்மானிக்கிறது, பழைய பதிவில் யாரோ எழுதிய நேரத்தை நம்பிப் பயணம் போடாதீர்கள்.

நான்காம் படி: வேகம்

விமானம் மணிக்கு 900 கி.மீ. என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை வைத்து வகுக்காதீர்கள். சென்னை–சிங்கப்பூர் வழியில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை மாக் 0.78 வாக்கில் போகும், அதாவது ஒலியின் வேகத்தில் 78 சதவீதம். 35,000 அடி உயரத்தில் குளிர் அதிகம், அதனால் ஒலியே அங்கே மணிக்கு 1,060 கி.மீ. சுமாரில்தான் போகும். ஆக நம் விமானம் 830 கி.மீ. வேகம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரிப் பெரிய விமானம் என்றால் மாக் 0.85, மணிக்கு 900 கி.மீ. வரும். மூவாயிரம் கிலோமீட்டர் பயணத்தில் இந்த வித்தியாசம் கால் மணி நேரம்தான், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை, கால் நீட்ட இடம் வேண்டும் என்றால் அது வேறு விஷயம்.

இந்த வேகமும் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகத்தான் போகும், இரண்டும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக எடுக்கும். 3,070-ஐ 830-ஆல் வகுத்தால் 3 மணி 42 நிமிடம், அதோடு இதையும் சேர்த்தால் 3 மணி 50 நிமிடம் சொச்சம். சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை இதுதான் நேரம். விமானி மைக்கில் நமது பயண நேரம் மூன்று மணி ஐம்பது நிமிடம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான், டிக்கெட்டில் இருப்பது இது இல்லை.

குறுகிய பயணத்தில் கணக்கு வேறு மாதிரி. யாழ்ப்பாணத்துக்கு 2019 நவம்பரில் சேவை தொடங்கியபோது அலையன்ஸ் ஏர் விட்டது ஏடிஆர் 72, இறக்கைச் சுழலி வைத்த விமானம், மணிக்கு 500 கி.மீ. சுமார். 355 கி.மீ.க்கு முக்கால் மணி நேரம்கூடத் தேவையில்லை, ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல்தான் இருக்கும். தூரம் குறையக் குறைய, ஓடுபாதைக்குப் போவதும் வருவதும் ஏறுவதும் இறங்குவதும்தான் பயணமே.

அவசரத்துக்கு ஒரே வரியில் கணக்கு வேண்டும் என்றால்: நூல் தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு 3.65 + 0.5, அதாவது 4 மணி 9 நிமிடம். டெல்லிக்கு 1,760-ஐ வகுத்தால் 2.2 + 0.5, 2 மணி 42 நிமிடம். லண்டனுக்கு 10 மணி 47 நிமிடம். ஏடிஆர் விமானம் என்றால் 800-க்குப் பதில் 500 போடுங்கள். டிக்கெட்டில் இருப்பதற்கு மிக அருகில் வரும், பேருந்தில் நின்றுகொண்டே போடலாம்.

ஐந்தாம் படி: காற்று

எனக்கு இந்தக் கணக்கிலேயே பிடித்த இடம் இது, தளங்கள் யாரும் சொல்லாததும் இதுதான். விமானத்தின் வேகம் காற்றுக்குள் 830. காற்றே எதிரே 50 கி.மீ. வேகத்தில் வந்தால் தரைமேல் 780 தான் நகரும், பின்னாலிருந்து தள்ளினால் 880.

வானில் உயரத்தில் ஆறு போல வேகமாக ஓடும் ஜெட் காற்று என்றாலே மேற்கிலிருந்து கிழக்கே என்று படித்திருப்போம். வட இந்தியாவுக்கும் அதற்கு வடக்கேயும் அது சரி. அதனால்தான் லண்டனுக்குப் போகும்போது கூடுதல் நேரமும் திரும்பி வரும்போது குறைவாகவும் ஆகிறது, அரை மணி, முக்கால் மணி வித்தியாசம் சாதாரணம். ஆனால் நம் தலைக்கு மேலே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கதை தலைகீழ். திபெத் பீடபூமி வெயிலில் காய்ந்து சூடாகும் அந்தக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, 14, 15 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழை ஜெட் என்று பெயர், 1950-களில் இதை அடையாளம் கண்டு எழுதியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். கீழே தரையில் தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கம் போக, மேலே இது எதிர்ப்பக்கம் போகும். பயணிகள் விமானம் அந்த மையத்துக்குக் கொஞ்சம் கீழேதான் பறக்கும், ஆனாலும் அதன் ஓரம் நன்றாகவே படும்.

ஆக ஜூலையில் சிங்கப்பூர் போகிறீர்கள் என்றால் எதிர்க்காற்று, திரும்பும்போது தள்ளுகாற்று. 50 கி.மீ. காற்று என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: போகும்போது 3,070-ஐ 780-ஆல் வகுக்க 3 மணி 56 நிமிடம், வரும்போது 880-ஆல் வகுக்க 3 மணி 29 நிமிடம். அரை மணி நேர வித்தியாசம். குளிர்காலத்தில் அந்தக் கீழை ஜெட் கிடையாது, மேற்கிலிருந்து வரும் பெரிய ஜெட் வடக்கே ஓடுகிறது, இந்த வழியில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும்.

சீட்டுக்கு முன்னால் திரை இருந்தால் தரைவேகம் என்ற எண்ணைப் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் என்று உடனே தெரியும். உயரத்தையும் பாருங்கள்: கிழக்கே போகும் விமானங்களுக்கு 33, 35, 37 ஆயிரம் அடி என்று ஒற்றைப்படை உயரமும், மேற்கே வருபவைக்கு 34, 36, 38 என்று இரட்டைப்படையும் ஒதுக்கியிருப்பார்கள். எதிரெதிரே வரும் விமானங்கள் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது என்பதற்காக.

ஆறாம் படி: டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம்

டிக்கெட்டில் உள்ள புறப்படும் நேரம், விமானம் கேட்டை விட்டு நகரும் நேரம். வந்து சேரும் நேரம், மறுபக்கம் கேட்டில் வந்து நிற்கும் நேரம். பறக்கும் 3 மணி 50 நிமிடத்தோடு சென்னையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போகப் பதினைந்து நிமிடம், சாங்கியில் இறங்கி டெர்மினலுக்கு வரப் பத்து நிமிடம். 4 மணி 15 நிமிடம் ஆகிவிட்டது.

அதற்கு மேலும் கொஞ்சம் சேர்ப்பார்கள். விமானம் குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரத்தில் வந்ததாகக் கணக்கு வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம், அந்தப் பெயரைக் காப்பாற்ற அட்டவணையிலேயே கொஞ்சம் தாராளமாக நேரம் போட்டு வைக்கிறார்கள். அதனால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாள் சரியான நேரத்துக்கு வந்து நிற்கிறது, விமானி ஒன்றும் மிதித்து ஓட்டவில்லை. ஒரே வழியில் ஒரு நிறுவனம் 4.15 என்றும் இன்னொன்று 4.40 என்றும் போட்டிருந்தால், முதலாவது வேகமான விமானம் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஏழாம் படி: கடிகாரம்

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். இந்தியா உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால், சிங்கப்பூர் எட்டு மணி முன்னால், வித்தியாசம் இரண்டரை மணி. இரவு 11.15-க்குச் சென்னையில் கிளம்பும்போது சிங்கப்பூரில் மறுநாள் 1.45. அதோடு 4 மணி 20 நிமிடம் கூட்டினால் காலை 6.05. திரும்பும்போது அங்கே இரவு 8-க்குக் கிளம்பி, 4 மணி 15 நிமிடம் பறந்தால் அங்கே 12.15, நம் ஊரில் 9.45. டிக்கெட்டில் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

நேர மண்டலமே தெரியாமல் பறக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. போகும்போது டிக்கெட்டில் தெரிவது 6 மணி 50 நிமிடம், வரும்போது தெரிவது 1 மணி 45 நிமிடம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள், 4 மணி 17 நிமிடம் சொச்சம். அதுதான் சராசரிப் பயண நேரம், ஒரு பக்கம் கூடிய மணி வித்தியாசம் மறுபக்கம் கழிந்துவிடுகிறது. கழித்துப் பாதியாக்கினால் நேர மண்டல வித்தியாசமே வந்துவிடும், இங்கே 2 மணி 32 நிமிடம், அதாவது இரண்டரை மணி.

சிங்கப்பூர் ஏன் எட்டு என்று யோசிக்கலாம். பூகோளப்படி பார்த்தால் 104 பாகைக் கிழக்கில் இருக்கும் ஊருக்கு ஏழு மணி முன்னால் இருப்பதுதான் முறை. 1982 ஜனவரி 1-லிருந்து மலேசியா தன் கிழக்கு, மேற்குப் பகுதிகளை ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தது, சிங்கப்பூரும் கூடவே மாறிக்கொண்டது. அதனால்தான் அங்கே காலை ஏழு மணிக்கும் சூரியன் தூங்கி எழுந்த முகமாகவே இருக்கிறது. சிங்கப்பூருக்குக் கோடைகால நேர மாற்றம் கிடையாது. பிரிட்டனுக்கு உண்டு, மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் நாலரை மணி, மற்ற மாதங்களில் ஐந்தரை.

தேதி விஷயத்தில் கூடுதல் கவனம். 15-ஆம் தேதி 00.30 என்று போட்டிருந்தால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்துக்குப் போக வேண்டும். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்கள் சென்னையில் ஏராளம், 15-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்புகிறவர்களும் அப்படியே. காலண்டரில் குறிக்கும்போது வீட்டை விட்டுக் கிளம்பும் நாளைக் குறியுங்கள்.

எட்டாம் படி: நிஜத்தோடு ஒத்துப்பாருங்கள்

கணக்குப் போட்ட பிறகு விமான எண்ணை ஃப்ளைட்ரேடார்24 அல்லது ஃப்ளைட்அவேர் தளத்தில் அடித்தால் கடந்த சில நாட்களில் அந்த விமானம் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, எவ்வளவு நேரம் பறந்தது எல்லாம் வரும். ஒரு நாளைப் பார்த்து முடிவு செய்யாமல் நாலைந்து நாள் பாருங்கள். பறந்த நேரம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், கிளம்பிய நேரம்தான் ஆடும். மாலை, இரவு விமானங்கள் அதிகம் ஆடும், ஏன் என்றால் அதே விமானம் காலையிலிருந்து நாலு ஊர் சுற்றிவிட்டு வருகிறது, ஒவ்வோர் இடத்திலும் சேர்ந்த தாமதம் கடைசியில் உங்கள் தலையில் விழும்.

ஒன்பதாம் படி: இடையில் இறங்கி மாறுவதென்றால்

கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் போனால் சில சமயம் மலிவு. தூரம் சென்னை–கொழும்பு 650, கொழும்பு–சிங்கப்பூர் 2,740, மொத்தம் 3,390. நேர் வழியைவிட 470 கி.மீ.தான் கூடுதல், விமானக் கணக்கில் அரை மணி நேரம்தான் என்று தோன்றும். ஆனால் ஏறுவதும் இறங்குவதும் ஊர்வதும் இரண்டு முறை நடக்கிறது, நடுவில் காத்திருப்பு வேறு. 800-ஆல் வகுக்கும் கணக்கில் அந்த அரை மணியை இரண்டு முறை சேர்த்து, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் எட்டு மணி நேரம் சாதாரணமாகத் தாண்டும். என் கருத்தில் ஐந்து மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு நேர் விமானம்தான், நிஜமாகவே பெரிய தொகை மிச்சமானால் மட்டும் மாறிப் போகலாம். அப்போதும் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், தனித்தனியாக எடுத்தால் முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் கேட்க நாதியில்லை.

பத்தாம் படி: வீட்டிலிருந்து வீடு வரை

விழுப்புரத்திலிருந்து ஒருவர் அந்த இரவு 11.15 விமானத்தைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருப்பது நல்லது, கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அப்போ 8.15-க்கு மீனம்பாக்கம். விழுப்புரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் மூன்று மணி நேரம், தாம்பரம், பெருங்களத்தூர் நெரிசலுக்கு முக்கால் மணி ஒதுக்கினால் மாலை 4.30-க்குக் கிளம்ப வேண்டும். பேருந்தில் வருபவர்களுக்கு ஒன்று, தெற்கிலிருந்து வரும் வண்டிகள் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடும், அங்கிருந்து விமான நிலையம் இன்னும் சுமார் 15 கி.மீ., லக்கேஜோடு இன்னொரு வண்டி மாற வேண்டும்.

அந்தப் பக்கம் காலை 6.05-க்கு சாங்கியில் நின்றால் இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிய ஏழு மணி. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்ளேயே நிரப்பி வைத்திருந்தால் வரிசை சீக்கிரம் நகரும், அதற்குக் கட்டணம் இல்லை, காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. சிங்கப்பூர் மெட்ரோ ரயிலான எம்.ஆர்.டி.யில் எக்ஸ்போ நிலையத்தில் மாறி டவுன்டவுன் லைனைப் பிடித்தால் லிட்டில் இந்தியாவுக்கு முக்கால் மணி நேரம் போல. அறைக்குப் போய்ச் சேரக் காலை எட்டு. நம் ஊர் மணி 5.30. மாலை 4.30-லிருந்து எண்ணினால் பதின்மூன்று மணி நேரம், அதில் காற்றில் இருந்தது நாலு மணி நேரத்துக்கும் குறைவு. (ராஜுலா கப்பலில் மதராஸிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு தொட்டுப் போனவர்களுக்கு இதுவே ஒரு வாரம் போல ஆயிற்று, அவர்களிடம் போய் இதைச் சொல்லிப் புலம்ப முடியாது.)

இதைப் பார்த்துத்தான் எந்த ஊர் விமான நிலையம் என்று முடிவு செய்ய வேண்டும். தஞ்சாவூர்க்காரர் திருச்சியில் ஏறினால் விமானம் 60 கி.மீ. கூடுதலாகப் பறக்கும், நிமிடக் கணக்கில் நாலைந்து. சென்னைக்கு வந்து ஏறினால் சாலையில் ஆறேழு மணி நேரம் போகும். டிக்கெட் இரண்டாயிரம் ரூபாய் அதிகம் என்றாலும் திருச்சியே எடுப்பேன்.

கடைசியாக ஒன்று, விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். ஜனவரியில் டிக்கெட் போட்டு ஏப்ரலில் பயணம் என்றால் நடுவில் நேரம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு, மின்னஞ்சல் வந்திருக்கும், விளம்பரத்தோடு விளம்பரமாகப் போயிருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும், மறுபடி முந்தைய நாளும் நிறுவனத்தின் தளத்திலேயே பி.என்.ஆர். எண்ணைப் போட்டு நேரத்தையும் டெர்மினலையும் பார்த்துவிடுங்கள்.